நார்கொண்டாமில் காவல் இருந்தவருக்கு

அன்புள்ள அண்ணா,

அந்தமானின் பாரன் தீவைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, கப்பலின் மேல்தளத்தில் வெயில் உறைக்கும்வரை நின்று நார்கொண்டாம் தீவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் கூட்டத்தில் நானும் ஒருத்தி. "அரூருங்களா? சேலத்துக்குப் பக்கமா?" என்று கேட்டீர்களே, அந்த அரூர்க்காரி.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஊரறியத்தான் எழுதுகிறேன். நான் சொல்ல வேண்டிய நன்றி உங்களோடு நின்றுவிடுவதில்லை. உங்களுக்கு முன்பு அந்தத் தீவில் காவல் இருந்தவர்கள், இன்று இருப்பவர்கள் எல்லோருக்கும் அது போய்ச் சேர வேண்டும். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியும் என்பதால் உங்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாங்கள் கடல் பார்க்காத ஊர்க்காரர்கள். வாணியாறும் தென்பெண்ணையும்தான் எங்களுக்குத் தண்ணீர். போர்ட் பிளேர் என்று பாடம் நடத்திப் பழகிய ஊர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து இரவில் புறப்பட்ட கப்பலில் எங்களில் பாதிப்பேருக்குத் தலைசுற்றல். எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொடுத்து, "கீழே படுக்காதீங்கம்மா, மேலே வந்து காத்தாட நில்லுங்க, சரியாப் போயிடும்" என்று ஒவ்வொருவரையும் ஏணியேற்றிவிட்டீர்கள். ஆறு மணி ஆகும் முன்பே சூரியன் வந்துவிட்டது. ஒரே நாடு, ஒரே கடிகாரம். ஆனால் அரூரில் விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தீர்க்கரேகை பற்றி வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அதை வெளிச்சமாகப் பார்த்தேன்.

அந்த வெளிச்சத்தில் பாரன் தீவு தெரிந்தது. வெளிவட்டமாகப் பழைய எரிமலையின் உடைந்த சுவர், அதன்மேல் பச்சை. நடுவே கன்னங்கரேலென்று ஒரு கூம்பு, உச்சியில் மெல்லிய புகை. மேற்குப் பக்கம் சுவர் திறந்து கிடக்கிறது. எரிமலைக் குழம்பு கடலுக்கு இறங்கிவந்த வழி அதுதான் என்று காட்டினீர்கள். குறுக்களவு 3 கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் நாம் பார்ப்பது நுனி மட்டும், மலையின் மற்ற பாகம் 2 கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீருக்குள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் கப்பலில் பேச்சு நின்றுவிட்டது.

இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை இது ஒன்றுதான். பாடப்புத்தகத்தில் ஒற்றை வரி. அந்த வரிக்குள் எவ்வளவு இருக்கிறது! 1787-இல் இது சீறியதை எழுதிவைத்திருக்கிறார்கள். 1832-க்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்தது. இனி எழாது என்றே பலர் நினைத்திருந்தபோது 1991-இல் மறுபடி வெடித்தது. 2004 டிசம்பரில் சுமத்ராவுக்கு அருகே கடலடி அதிர்ந்து சுனாமி நம் கரைகளை அழித்தது. அடுத்த மே மாதமே இந்தத் தீவு மீண்டும் நெருப்பைக் கக்கியது. 2017-லும் கக்கியது. 2025 செப்டம்பரிலும் புகைந்தது. இந்தியப் பாறைத்தட்டு கிழக்கே பர்மாத் தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு போகிறது, அதன் மேல்தான் சுமத்ராவிலிருந்து மியான்மர் வரை எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. இதைக் கரும்பலகையில் படமாக வரைந்திருக்கிறேன். அந்தப் படம் என் முன்னால் புகைந்துகொண்டு நின்றது.

அண்ணா, அந்தக் கறுப்பைப் பார்த்ததும் நான் ஏன் கண்கலங்கினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கே தனியாக ஒரு நன்றி. என் அப்பா கருங்கல் குவாரியில் துளைபோடும் வேலை பார்த்தவர். தருமபுரி, கிருஷ்ணகிரிக் கறுப்புக் கல் என்றால் வெளிநாடுவரைக்கும் பெயர். பளபளவென்று பாலிஷ் போட்டு, யார் யார் வீட்டுக்கோ, யார் யார் கல்லறைக்கோ கப்பலேறிப் போகிறது. வியாபாரத்தில் கிரானைட் என்பார்கள். உண்மையில் அது டோலரைட். 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமியின் ஆழத்திலிருந்து உருகி வந்து, பழைய பாறைகளின் விரிசலுக்குள் புகுந்து, வெளியே வர முடியாமல் உள்ளேயே மெல்ல ஆறிய குழம்பு. அதே வகைக் குழம்பு வெளியே கொட்டிச் சட்டென்று ஆறினால் பசால்ட். பாரன் தீவின் கறுப்பு அந்த பசால்ட்தான். எங்கள் ஊர்க் கல்லுக்கும் உங்கள் தீவின் கல்லுக்கும் பிறப்பு ஒரே மாதிரி, வயதுதான் வேறு. என் அப்பா ஆயுள் முழுக்க உடைத்த கல் பிறந்த விதத்தை அன்று காலை நேரில் பார்த்தேன். அவர் இருந்திருந்தால் கையைப் பிடித்து அழைத்து வந்திருப்பேன்.

சிலர் உங்களிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பணம் கட்டி, கரையில் கால் வைக்காமல் திரும்புவதா என்று. இன்னும் கொஞ்சம் கிட்டேயாவது ஓட்டச் சொன்னார்கள். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "இது சரணாலயம், இறங்க விடமாட்டாங்க. கிட்டப் போனா நமக்கும் ஆகாது, அதுக்கும் ஆகாது. இங்கேயே நில்லுங்க, வர்றது வரும்" என்றீர்கள். கப்பல் வேகத்தைக் குறைத்துத் தீவைச் சுற்ற ஆரம்பித்தது.

வந்தன. மேனியெல்லாம் வெள்ளை, இறக்கை நுனி கறுப்பாகப் பெரிய புறாக்கள் கூட்டமாகப் பச்சைச் சரிவிலிருந்து எழுந்தன. வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஒன்று கப்பலுக்கு நேர் மேலே வட்டமிட்டது. மிதந்து வந்த மரத்துண்டின் மேல் ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்து, எங்களைப் பொருட்படுத்தாமல் இறகு கோதிக்கொண்டிருந்தன. பறக்கும் மீன்கள் அலையைக் கிழித்துக்கொண்டு போயின. கடைசியில் ஓங்கில்கள். எத்தனை என்று எண்ண முடியவில்லை. அவையாகவே வந்து கப்பல் முகப்பில் சேர்ந்துகொண்டன, விளையாட்டு போதும் என்று தோன்றியதும் போய்விட்டன. சண்டைக்கு வந்தவர்களில் ஒருவர்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார், சந்தோஷத்தில்.

உங்கள் இருநோக்கியில் ஆடுகளையும் காட்டினீர்கள். எரிமலைத் தீவில் ஆடு என்றதும் நம்பவே முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கப்பலில் கொண்டுவந்து விட்டுப்போன ஆடுகளின் சந்ததி. வெடிப்புகளையெல்லாம் தாண்டி இன்னும் சாம்பல் சரிவில் மேய்கின்றன. எல்லோரும் வியந்தார்கள். நீங்கள் வியக்கவில்லை. நார்கொண்டாம் பேச்சை நீங்கள் எடுத்தது அங்கிருந்துதான்.

பாரனுக்கு வடக்கே, ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால், நாங்கள் பார்க்காத, பார்க்கவும் போகாத தீவு அது. அதுவும் எரிமலைதான், ஆனால் அடங்கிவிட்டது. 710 மீட்டர் உயரம், கரையிலிருந்து உச்சிவரை காடு. பரப்பு 7 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அரூருக்கும் மொரப்பூருக்கும் உள்ள தூரத்தில் பாதி நீளம்கூட அந்தத் தீவுக்குக் கிடையாது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு முழு இனம் வாழ்கிறது, நார்கொண்டாம் இருவாச்சி. உலகத்தில் வேறெங்கும் இல்லை. அங்கே அழிந்தால், எங்கும் அழிந்தது.

அந்த இருவாச்சியை முதன்முதலாக உலகுக்கு எழுதியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-இல் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக நாம் படிக்கும் அதே ஹியூம்தான். 1873-இல் நீராவிக் கப்பலில் அந்தமான், நிக்கோபார் தீவுகளைச் சுற்றி வந்தார், பறவைகளைத் தேடி. உயிரினம் பார்க்கக் கடலில் போகும் இன்றைய சுற்றுலாவின் முன்னோடி என்று அந்தப் பயணத்தைச் சொல்லலாம். ஒரே வித்தியாசம், அந்தக் காலத்தில் ஒரு பறவையைப் பார்த்தேன் என்று நிறுவ அதைச் சுட்டுத் தோலைக் கொண்டுவர வேண்டும். அறிவியல் அப்படித்தான் வளர்ந்தது, அதை நான் பழிக்கவில்லை. ஆனால் உங்கள் இருநோக்கி கைமாறிக் கைமாறிப் போன அந்தக் காலைப்பொழுதில் நின்றுகொண்டு யோசித்தால், மனிதர்கள் நல்லபடியாக மாறியிருக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீவில் 1969-இல் காவல் சாவடி வைத்தார்கள். சாவடிக்கு வந்தவர்கள் 1970-களில் சாப்பாட்டுக்கென்று ஆடுகளைக் கொண்டுவந்தார்கள். கப்பல் எப்போது வரும் என்று காத்துக்கிடக்கும் மனிதர்கள், அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஆடு பெருகியது. முளைவிட்ட கன்றுகளை எல்லாம் கடித்தது. பெரிய மரங்கள் நின்றன, அவற்றுக்குப் பிறகு வர வேண்டிய மரங்கள் வரவில்லை. பொந்துள்ள பெரிய மரம் இல்லாவிட்டால் இருவாச்சிக்குக் கூடு இல்லை. கடைசியில் ஆடுகளைப் பிடித்து அகற்றினார்கள். "நாம போட்ட முடிச்சை நாமதானே அவுக்கணும்" என்றீர்கள் நீங்கள். நீங்கள் போட்ட முடிச்சல்ல அது. ஆனாலும் 'நாம' என்றே சொன்னீர்கள்.

பிறகு அந்தப் பறவையைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் சாவடி நாட்களைப் பற்றி, தனிமை, காய்ச்சல், கப்பல் வராத வாரங்கள் என்று ஓரிரு வாக்கியங்களில் முடித்துக்கொண்டீர்கள். பறவையைப் பற்றி மட்டும் அரைநாள் பேசினீர்கள். முதல் நாள் விடியலில் தலைக்குமேல் கேட்ட சிறகுச் சத்தத்தில் ஏதோ இயந்திரம் என்று நினைத்து வெளியே ஓடிவந்ததைச் சொன்னீர்கள். ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்கு மேனி முழுக்கக் கறுப்பு, இரண்டுக்கும் வால் வெள்ளை. முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுதான் திறந்திருக்கும். ஆண் தொண்டைக்குள் அத்திப்பழங்களை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். அது வராமல் போனால் உள்ளே இருப்பவை பட்டினி. "ஒரு நாளைக்கு எத்தனை நடை வருதுன்னு எண்ணிக்கிட்டே உட்கார்ந்திருப்பேன்மா. லேட்டானா எனக்கு சோறு இறங்காது" என்று நீங்கள் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்தப் பறவை தின்கிற பழத்தின் விதைதான் நாளைக்கு மரம். தீவு மொத்தமும் அது நடுகிற தோட்டம். அந்தப் பறவைகளை எண்ணிச் சொன்னவர்களுக்கும் இந்த மடலில் இடம் வேண்டும். கோவை ஆனைகட்டியில் இருக்கும் சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் 1990-களின் கடைசியில் அங்கே ஆய்வு செய்து, சுமார் 300 பறவைகள் இருக்கலாம் என்று கணித்தார். அந்தமான் குகைகளில் உழவாரன் கூடுகளைத் திருடி விற்றவர்களையே அந்தக் கூடுகளுக்குக் காவலர்களாக மாற்றிக்காட்டியவர் அவர். 2009-இல், போகக் கூடாத வயதில், போய்விட்டார். பிறகு மைசூருவின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் 2019–20 காலத்தில் தங்கிப் பார்த்து, ஏறக்குறைய 1,000 என்று கணக்கிட்டார்கள். இரண்டும் ஒரே முறையில் எடுத்த கணக்கில்லை, ஆகவே மூன்று மடங்கு பெருகிவிட்டது என்று நாம் துள்ளிவிட முடியாது. ஆனால் வேறெந்த இருவாச்சி இனமும் இத்தனை நெருக்கமாக வாழ்வதாக யாரும் பதிவு செய்ததில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. காடு பிழைத்திருக்கிறது. அதற்குள் உங்கள் இரவுகளும் இருக்கின்றன.

இனி நான் சொல்லப்போவது எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். காக்கிக்கு நன்றி சொல்வது அரூர் வட்டத்தில் எளிதான காரியம் இல்லை. வாச்சாத்தி எங்கள் வட்டத்து ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலைமக்கள் ஊருக்குள் புகுந்து செய்ததை நாடறியும். வழக்கு நடந்து நடந்து, 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. காட்டைக் காக்கிறோம் என்று சொல்லிக் காட்டில் வாழ்பவர்களை நொறுக்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். சித்தேரி மலையிலிருந்து வந்து படிக்கும் என் பிள்ளைகள் இன்றும் ஜீப் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளிடம், காக்கி போட்டுக்கொண்டு ஒரு பறவையின் சோற்றுக்காகத் தன் சோற்றைத் தள்ளிவைத்த கதையை நீங்கள் சொன்னீர்கள். வாச்சாத்தியை அது அழித்துவிடாது. எதுவும் அழிக்காது, அழிக்கவும் கூடாது. ஆனால் காவல் என்றால் இப்படியும் இருக்க முடியும் என்று என் பிள்ளைகளிடம் சொல்ல, இப்போது கண்ணால் பார்த்த ஒரு மனிதர் இருக்கிறார். உங்களுக்கு நான் இவ்வளவு கடன்பட்டிருப்பது அதனால்தான்.

நார்கொண்டாமில் கடலோரக் காவல்படைக்கு ரேடார் அமைக்க வேண்டும் என்ற திட்டத்துக்கு 2012-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்ததும், 2014-இல் அனுமதி கொடுத்ததும் எங்கள் பேச்சில் வந்தன. எங்கள் கூட்டத்தில் இரண்டு பக்கமும் வாதாடினார்கள். எல்லைக்குப் பக்கத்துத் தீவு, நாட்டின் பாதுகாப்பு முக்கியம்தானே என்றார் ஒருவர். நீங்கள், சாலைக்கு எத்தனை மரம், ஜெனரேட்டருக்கு எங்கே இடம், சரக்கோடு எலி வந்து இறங்காமல் யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். எனக்கு அந்தக் கேள்விகள்தான் சரி என்று படுகிறது. நாட்டைக் காக்க ஒரு தீவு தேவை என்றால் தீவைக் காக்கவும் அதே கண்டிப்பு தேவை.

என் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நார்கொண்டாம் இருவாச்சியைப் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன நாளிலிருந்து அந்தச் சிறகுச் சத்தம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் பாரனைச் சுற்றுவதுபோல அங்கும் கப்பல் விடலாம் என்று யாராவது மனு எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பாரன் தன்னைத்தானே காத்துக்கொள்ளும், அதனிடம் நெருப்பு இருக்கிறது. நார்கொண்டாமுக்கு உங்களைப் போன்ற சில மனிதர்களும், எங்களைப் போன்றவர்கள் வராமல் இருப்பதும்தான் பாதுகாப்பு. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், பார்த்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது போதும்.

ஊர் திரும்பியதும் எட்டாம் வகுப்பில் ஒரு பாட வேளையை முழுக்க உங்கள் கதைக்குக் கொடுத்தேன். அதிகாரி வந்து கேட்டாலும் பரவாயில்லை என்று கொடுத்தேன். பக்கத்துக் குவாரியிலிருந்து ஒரு சக்கைக் கல்லைக் கொண்டுவரச் சொல்லி, லென்ஸ் வைத்துப் பார்க்கவிட்டேன். உள்ளே மெல்ல ஆறியதால் மணிமணியாகப் படிகம் தெரியும். பாரன் தீவில் வெளியே கொட்டிச் சட்டென்று ஆறிய குழம்பில் அந்த மணிகள் இவ்வளவு வளர்ந்திருக்காது என்று சொன்னேன். குவாரியில் வேலை செய்யும் அப்பாக்கள் உள்ள பிள்ளைகள் பாதிப்பேர். அந்தக் கல்லை அவர்கள் தொட்ட விதமே அன்று மாறிவிட்டது.

இருவாச்சிக் கதைக்கு வந்ததும் கேள்விகள் நிற்கவில்லை. எனக்குப் பதில் தெரியாத கேள்விகளை எல்லாம் எழுதிவைக்கச் சொன்னேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெண் பறவை உள்ளே அடைந்திருக்கும்போது மழை கொட்டினால் பொந்துக்குள் தண்ணீர் போகாதா? ஆண் பறவை அடிபட்டு வராவிட்டால் பக்கத்துப் பறவை ஊட்டுமா? புயல் அடித்த மறுநாள் அவை எங்கே இருந்தன, நீங்கள் பார்த்தீர்களா? சித்தேரியிலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள்: "அந்தத் தீவுல முன்னாடி யாராவது குடியிருந்தாங்களா மிஸ்? அவங்களை வெளியே போகச் சொன்னாங்களா?" அங்கே ஊர் எதுவும் இருக்கவில்லை, சாவடிதான் இருக்கிறது என்றேன். அவளுக்கு நிம்மதி. அப்படியானால் தனக்கும் அந்த வேலை வேண்டும் என்றாள். எந்த வேலை என்று கேட்டேன். நடை எண்ணுகிற வேலை என்றாள். அதற்கு என்ன படிக்க வேண்டும், எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று நான் விசாரித்துச் சொல்லியிருக்கிறேன். அங்கே தங்குவது எப்படி என்பதை நீங்கள் அவளுக்கு எழுதுங்கள். பள்ளி முகவரி எழுதிய சீட்டை உங்கள் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் கப்பலைவிட்டு இறங்கினேன்.

முடிந்தால் நேரிலேயே வாருங்கள். கப்பலில் சென்னை வந்து, சேலம் போகும் ரயிலில் மொரப்பூரில் இறங்கினால் அழைத்துப்போக நாங்கள் வருகிறோம். குச்சிக்கிழங்கு அவித்து வைப்போம். தீர்த்தமலைக்குக் கூட்டிப்போகிறோம், குவாரியையும் காட்டுகிறோம். பிள்ளைகளின் தேர்வு ஏப்ரலில் முடிந்துவிடும். அதற்கு முன்பே வந்தால் நல்லது, விடுமுறை விட்டால் சித்தேரிப் பிள்ளைகள் மலையேறிவிடுவார்கள்.

என்றும் நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியை,
அரூர்